மூளையின் வெகுமதி மையமும் நடுக்குவாத நோயும்

திருவள்ளுவர் அவாவறுத்தலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். ஊக்கமுடைமைக்கும், அதனை அடுத்து மடியின்மைக்கும் வேறு அதிகாரங்கள் வகுத்தார். அவா குறைதல் வேண்டும். ஊக்கம் பெருகுதல் வேண்டும். மடி நீங்குதல் வேண்டும். அறநூலார் இம்மூன்றனையும் உள்ளத்தின் பண்புகளாகக் கொண்டு, அவற்றை ஆளும் பொறுப்பினை மனிதனிடமே ஒப்புவித்தனர். இற்றை நாளில் நரம்பியல் ஆராய்ச்சியாளர், ஊக்கமும் அவாவும் மூளையின் ஒரே அமைப்போடு நெருங்கிய தொடர்புடையன என்று காட்டியுள்ளனர். அவ்வமைப்பு வெகுமதி மையம் எனப் பெயர் பெறும். அது நோயுறும்பொழுது, வாழ்நாளெல்லாம் உழைத்த ஒருவர் மடியர் என்று பழிக்கப்படுதலும், சிக்கனமாக வாழ்ந்த ஒருவர் சூதர் என்று தூற்றப்படுதலும் கூடும். இவ்விரண்டும் பழிக்குரிய குணக்கேடுகள் அல்ல, ஒரே நோயின் இருவேறு முகங்கள் என்பதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதியில் உள்ளது விசுவமடு. வன்னிப் பெருநிலத்தின் இளைஞர் குடியேற்றத் திட்டங்களுள் இவ்வூரும் ஒன்று. இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட 1970களின் முற்பகுதியில், மிளகாயும் வெங்காயமும் நல்ல விலை பெற்றன. அக்காலத்திலே காடு வெட்டி, நிலந் திருத்தி, நீர் இறைத்துப் பயிர் செய்த இளைஞர் பலர். அன்று இருபது வயதினராய் வந்தவர் இன்று எழுபதைக் கடந்தவர். நடுக்குவாதம் மிகுதியும் பற்றுவது இம்முதுமைப் பருவத்தினரையே.

அத்தகைய உழவர் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்க. விடியுமுன் எழுந்து தோட்டத்துக்குச் சென்றவர் இப்பொழுது திண்ணையை விட்டு அகல்வதில்லை. பேரப்பிள்ளைகள் ஓடிவந்தால் முகத்தில் மலர்ச்சி இல்லை. ஒடியற் கூழை முன்னே வைத்தால் விரும்பி உண்கிறார், வையாவிடின் கேட்பதில்லை. “அப்புவுக்குச் சோம்பல் பிடித்துவிட்டது” என்பார் மருமகன். “2009இல் பட்ட அலைச்சலோடு மனிசன் மனம் உடைந்துபோனார்” என்பார் மனைவி. “வயசு போனால் இப்படித்தான்” என்பார் அயலவர். இவற்றுள் எதுவும் நடவாததன்று. ஆயினும் இவையன்றி நான்காவது காரணம் ஒன்றும் உண்டு. கை நடுங்கத் தொடங்கும் வரையில் அதனை எவரும் நினைப்பதில்லை. அக்காரணத்தை அறிதற்கு வெகுமதி மையத்தின் வரலாற்றை முதற்கண் அறிதல் வேண்டும்.

கனடா நாட்டு மொன்றியல் நகரில், மக்கில் பல்கலைக்கழகத்தில், ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீற்றர் மில்னர் என்னும் இருவர் எலிகளின் மூளையுள் மெல்லிய கம்பியைச் செலுத்தி, சிறிதளவு மின்னோட்டம் பாய்ச்சி ஆராய்ந்தனர். ஓர் எலியில் அக்கம்பி கருதிய இடத்தை விட்டு விலகி வேறோரிடத்திற் பதிந்துவிட்டது. மின்னோட்டம் பெற்ற மூலைக்கே அவ்வெலி மீண்டும் மீண்டும் சென்றது. பின்னர், எலி தானே மின்னோட்டத்தைப் பெறுமாறு ஒரு நெம்புகோலை அமைத்தனர். எலிகள் அதனை மணிக்கு நூற்றுக்கணக்கான தடவை அழுத்தின. பின்னைய ஆய்வுகளில் ஆயிரக்கணக்கான தடவை அழுத்தியவையும் உண்டு. பசித்த எலிகளும் உணவை விடுத்து அந்நெம்புகோலையே நாடின. 1954இல் வெளிவந்த இவ்வாய்வு, மூளையில் இன்பத்துக்கென ஓர் இடம் உண்டு என்னும் கருத்தை உலகெங்கும் பரப்பியது. அக்கருத்து முற்றிலும் சரியானதன்று என்பது பின்னர்த் தெரியவந்தது.

இவ்வமைப்பு ஒரு தனி உறுப்பு அன்று. பல பகுதிகளை இணைக்கும் நரம்புப் பாதையாகும். நடுமூளையில் இருபுறமும் கருநிறமான இரு பட்டைகள் உண்டு. இவற்றைக் கரும்பொருட் பகுதி எனலாம். இங்குள்ள நரம்புக்கலங்கள் தம் நீண்ட இழைகளை வரியுடல் என்னும் பகுதியின் மேற்புறத்துக்கு அனுப்புகின்றன. பழகிய அசைவுகளைத் தொடக்கி நடத்துதற்கு இப்பாதை வேண்டும். கரும்பொருட் பகுதியை அடுத்து உட்புறமாக இன்னொரு கலத்தொகுதி உண்டு. அதன் இழைகள் வரியுடலின் கீழ்ப்புறத்தையும் நெற்றிப்புற மூளையையும் அடைகின்றன. இதுவே வெகுமதிப் பாதை. இரண்டு பாதைகளிலும் செய்தி கொண்டு செல்லும் இரசாயனப் பொருள் ஒன்றே; அதன் பெயர் டோபமின். கையை அசைப்பிக்கும் பொருளும், அசைக்க வேண்டும் என்னும் நாட்டத்தை எழுப்பும் பொருளும் ஒன்றாயிருத்தலே இந்நோயை விளங்கிக்கொள்ளும் திறவுகோல்.

டோபமினின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் பாரத நாட்டு மூலிகைகளுக்கும் உரிய இடம் பலரும் அறியாதது. உடலில் டோபமின் உண்டாவதற்கு மூலமான பொருள் லீவோடோப்பா என்னும் அமினோ அமிலம். 1913இல் மார்க்குஸ் குகன்ஹைம் என்பார் சுவிற்சர்லாந்தில் ஓர் அவரை இனத்திலிருந்து அதனைப் பிரித்தெடுத்தார். அதனைத் தாமே உண்டு வாந்தியெடுத்தார் என்பதும் பதிவாகியுள்ளது. 1937இல் சென்னைப் பல்கலைக்கழகத்து உயிரிரசாயன ஆய்வுகூடத்தைச் சேர்ந்த எம். தாமோதரன், ஆர். இராமசாமி ஆகிய இருவரும் பூனைக்காலி விதையிலிருந்து அதே பொருளைப் பிரித்தெடுத்து வெளியிட்டனர். காய்மேலுள்ள சுணை பட்டால் உடலெங்கும் தினவெடுக்கும் அந்தக் கொடியே பூனைக்காலி. ஆயுர்வேதம் அதன் விதையை நெடுங்காலமாகக் கையாண்டு வந்தது. எனினும் அவ்விதையிலுள்ள பொருள் மூளைக்கு என் செய்யும் என்பது 1937இல் எவர்க்கும் தெரியாது. மூளையில் டோபமின் உண்டு என்பதே 1957இல்தான் இங்கிலாந்தில் கத்லீன் மொன்ரேகு என்னும் அம்மையாரால் அறியப்பட்டது.

மற்றொரு மூலிகை சர்ப்பகந்தி. 1931இல் வங்காளத்துக் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகியோர் அதன் வேர் மூளைக் கொந்தளிப்பையும் இரத்த அழுத்தத்தையும் தணிக்கும் என எழுதினர். அவ்வேரிலிருந்து 1952இல் ரிசர்ப்பின் என்னும் மருந்து பிரிக்கப்பட்டது. சுவீடன் நாட்டு ஆர்விட் கார்ல்சன் அதனை முயல்களுக்கு ஏற்றினார். முயல்கள் காது தொங்க, அசைவற்று, அழைப்பாருக்கு அசையாது கிடந்தன. பின்னர் லீவோடோப்பாவை ஏற்றியபொழுது, சிறிது நேரத்தில் அவை எழுந்து நடமாடின. ரிசர்ப்பின் மூளையின் டோபமினை வெறுமையாக்கியது. லீவோடோப்பா அதனை மீட்டது. 1957இல் வெளியான இவ்வாய்வின் வழிவந்த பணிகளுக்காகக் கார்ல்சனுக்கு 2000ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. ஒரு மூலிகையால் வீழ்ந்த முயலை, மற்றொரு மூலிகையிலும் உள்ள பொருள் எழுப்பியது.

நிற்க, நடுக்குவாதத்தை இலண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பாக்கின்சன் 1817இல் ஒரு சிறு நூலில் தெளிவுற விவரித்தார். ஆதலின் அது பாக்கின்சன் நோய் எனப்படும். கரும்பொருட் பகுதியின் கலங்கள் இந்நோயில் அழிதலை 1919இல் திரெத்தியாக்கோவ் கண்டார். 1960இல் வியன்னா நகரில் எரிங்கரும் ஹோர்ணிக்கிவிச்சும் இந்நோயால் இறந்தோரின் மூளைகளை ஆராய்ந்து, வரியுடலில் டோபமின் பெரிதும் குன்றியிருத்தலைக் காட்டினர். 1961இல் பேர்க்மேயர் லீவோடோப்பாவை நோயாளரின் நாளத்தில் ஏற்றினார். எழ இயலாதிருந்தோர் சில மணிநேரம் எழுந்து நடந்தனர். 1967இல் நியூயோர்க்கில் ஜோர்ஜ் கொற்சியாஸ் அதனை வாய்வழியே சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுக்கும் முறையைக் கண்டார். அன்று தொட்டு இன்றளவும் இந்நோய்க்குத் தலைசிறந்த மருந்து அதுவே. அம்மருந்து அழிந்த கலங்களை மீட்பதில்லை. அழிவை நிறுத்துவதும் இல்லை. குறைந்த பொருளை நிரப்புதலே அதன் பணி. அசைவுக் குறிகள் வெளிப்படுமுன்னரே அக்கலங்களுட் பெரும்பங்கு அழிந்துவிடுகிறது என்பதும் அறியத்தக்கது.

இனி, இன்ப மையம் என்ற கருத்து எவ்வாறு பிழையாயிற்று என்பதைக் காண்போம். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக் கென்ற் பெரிட்ஜ், ரெறி றொபின்சன் ஆகியோர் எலிகளின் டோபமின் கலங்களை அழித்தனர். அவ்வெலிகள் உணவை நாடா; தாமாக உண்ணா; குழாய்வழி ஊட்டாவிடின் இறக்கும். ஆயினும் இனிப்பு நீர்த் துளியை வாயில் விட்டால், ஏனைய எலிகளைப் போலவே நாவினால் உதட்டை நக்கிச் சுவைத்தன. நுகர்ச்சி இருந்தது, நாட்டம் இல்லை. டோபமின் தருவது இன்பத்தை அன்று, இன்பத்தை நோக்கி எழுந்து செல்லும் உந்துதலை என்பது இதனால் விளங்கும். ஒடியற் கூழை வைத்தால் உண்டு, வையாவிடின் கேளாதிருந்த உழவரின் நிலை இதனோடு ஒத்திருத்தல் காண்க.

சுவிற்சர்லாந்தில் வொல்பிராம் சூல்ற்ஸ் குரங்குகளின் டோபமின் கலங்களை ஆராய்ந்து மற்றோர் உண்மை கண்டார். எதிர்பாராது பழரசம் கிடைத்தபொழுது அக்கலங்கள் கிளர்ந்தன. ஓர் ஒளி தோன்றிய பின் பழரசம் வரும் என்று குரங்கு பழகிய பின்னர், அவை ஒளிக்கே கிளர்ந்தன, பழரசத்துக்குக் கிளரவில்லை. ஒளி தோன்றியும் பழரசம் வராதபொழுது அவற்றின் துடிப்பு தாழ்ந்தது. வானத்தில் கருமுகிலைக் கண்டதும் உழவன் உள்ளம் துள்ளுவதும், முகில் பொழியாது கலைந்தால் அது சோர்வதும் இத்தகையனவே. காலபோகத்துக்கு விதைப்பவன் மாதங்களுக்கு அப்பாலுள்ள அறுவடையை எண்ணி இன்றே மண்வெட்டியைத் தூக்குகிறான். வரும்பயனை இன்றைய முயற்சியோடு இணைக்கும் அப்பாலமே வெகுமதி மையம். அது தளர்ந்தால், பயன் தெரிந்தும் முயற்சி எழாது.

பாக்கின்சன் நோயாளருள் ஏறத்தாழ ஐந்தில் இருவர்க்கு இத்தகைய நாட்டமின்மை உண்டு என ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. சிலர்க்கு அது நடுக்கத்துக்கு முன்னரே தோன்றும். முகத் தசைகள் இறுகி உணர்ச்சி தோன்றாமையும் இந்நோயின் குறியாதலின், “பாசமற்றவர்” என்ற பழியும் சேர்ந்துவிடுகிறது. முகத்தில் மகிழ்ச்சி தோன்றாமை மகிழ்ச்சி இல்லை என்பதற்குச் சான்றாகாது.

துயரத்துக்கும் நாட்டமின்மைக்கும் வேறுபாடு உண்டு. துயருற்றவர் அழுவார், தம்மையே நொந்துகொள்வார், உறக்கமும் உணவும் கெடும், உயிர்வாழ்வே பாரம் என்பார். நாட்டம் இழந்தவர் துயரத்தையும் பெரிதும் உணர்வதில்லை; கேட்டால் “ஒன்றுமில்லை” என்பார்; அது மெய்யே. போரின் இழப்புகளைச் சுமந்த வன்னி மக்களிடையே எல்லா மௌனத்தையும் துயரம் என்று கொள்ளுதல் இயல்பு. இரண்டும் ஒருவரிடத்தே சேர்ந்திருத்தலும் உண்டு. துயரநோய்க்கும் மருத்துவம் உண்டு. ஆதலின் எது எது என்று பிரித்தறிதல் மருத்துவர்க்குரிய பணி. மலச்சிக்கல், மணம் அறியாமை, உறக்கத்திற் கனவு கண்டு கைகால் வீசுதல் ஆகியன பல ஆண்டுகள் முன்னரே தோன்றக்கூடிய குறிகள். எழுத்து வரவரச் சிறுத்தல், நடக்கையில் ஒரு கை வீசாதிருத்தல், குரல் தாழ்தல் ஆகியன சற்றுப் பின்னர்த் தோன்றும். இவற்றைக் கண்டால் மாவட்ட வைத்தியசாலையின் மருத்துவரிடம் சொல்லுதல் நன்று.

இந்நோயின் மறுமுகம் அதற்கு நேர்மாறானது. நோய் வரியுடலின் மேற்புறத்துக்குச் செல்லும் பாதையையே முன்னர் மிகுதியும் அழிக்கிறது. வெகுமதிப் பாதையை அவ்வளவு அழிப்பதில்லை. வரண்ட வயலுக்கு வேண்டிய அளவு நீரை ஒரே வாய்க்காலில் விட்டால், அருகே ஈரமாயிருக்கும் வயல் வெள்ளக்காடாகும். அவ்வாறே அசைவுக்குப் போதிய மருந்து வெகுமதி மையத்துக்கு மிகையாகிவிடக்கூடும். டோபமினைப் போல நடிக்கும் ஒருவகை மாத்திரைகளால் இது மிகுதியும் நேர்கிறது. 2010இல் வெளியான ஓர் ஆய்வு வட அமெரிக்காவில் 3,090 நோயாளரை ஆராய்ந்தது. அவர்களுள் நூற்றுக்குப் பதினால்வர் அளவினர்க்குச் சூதாட்டம், கட்டற்ற காமம், கட்டற்ற கொள்வனவு, அளவிறந்த உணவு ஆகியவற்றுள் ஒன்றேனும் காணப்பட்டது. அம்மாத்திரை உண்டாரிடையே அது நூற்றுக்குப் பதினெழுவர்; உண்ணாதாரிடையே எழுவர்.

இதன் பொருளை ஒரு குடும்பத்தில் வைத்து நோக்குக. வாழ்நாளில் ஓர் அதிர்ஷ்ட இலாபச் சீட்டு வாங்காதவர் நாள்தோறும் சீட்டுகளை வாங்கிக் குவிக்கிறார். மகளின் நகையை அடகு வைக்கிறார். வெட்கத்தால் அவரும் சொல்வதில்லை. மானத்துக்கு அஞ்சிக் குடும்பமும் சொல்வதில்லை. ஊர் “கிழவருக்குப் புத்தி கெட்டது” என்கிறது. மருத்துவர் கேட்டாலன்றி அது வெளிவருவதில்லை. சொன்னால், மருந்தின் அளவைக் குறைத்தோ மாற்றியோ பெரும்பாலும் திருத்தலாம். மருந்தைத் தாமாகத் திடீரென நிறுத்துதல் மட்டும் ஆகாது; அதனால் உடல் விறைத்து, காய்ச்சல் கண்டு, உயிர்க்கே கேடு வரலாம்.

வெகுமதி மையத்தின் தளர்ச்சி பாக்கின்சன் நோயோடு நின்றுவிடுவதில்லை. மறதிநோயாகிய அல்சைமரிலும் நாட்டமின்மை மிகப் பொதுவான குறி. நினைவு தடுமாறுமுன்னரே அது தோன்றுதலும் உண்டு. 2017இல் இத்தாலிய ஆய்வாளர், அந்நோயை ஒத்த நிலை உண்டாக்கப்பட்ட எலிகளில், வெகுமதிப் பாதையின் கலங்கள் முன்னதாகவே அழிதலையும், அதனால் நினைவுக்குரிய பகுதிக்கு வரும் டோபமின் குறைதலையும் காட்டினர். எலியிற் கண்டது மனிதர்க்கும் அப்படியே பொருந்தும் என்று கொள்ளலாகாது. எனினும் நாட்டமும் நினைவும் தொடர்பற்றவை அல்ல என்பது இதனாற் புலனாகும். நெற்றிப்புற மூளை தேயும் ஒருவகை மறதிநோயில், இனிப்பின்மேல் அடங்காத வேட்கை தோன்றுதலும் அறியப்பட்டதே.

பூனைக்காலி விதையைப் பற்றி இன்னும் ஒன்று கூறல் வேண்டும். 2004இல் இலண்டனில் எட்டு நோயாளரிடம் செய்யப்பட்ட ஆய்வில், 30 கிராம் விதைமருந்து வழக்கமான மாத்திரையிலும் விரைவாக வேலை செய்தமை காணப்பட்டது. இது நம் முன்னோர் மருத்துவத்துக்குப் பெருமை தருவதே. ஆயினும் அதனால் வேலியோரத்து விதையை இடித்துண்ணலாம் என்று கொள்ளுதல் பிழை. விதைக்கு விதை லீவோடோப்பாவின் அளவு வேறுபடும். வைத்தியசாலை மாத்திரையோடு இதனையும் உண்டால் மருந்து இரட்டித்து, மேற்கூறிய மிகை நிலைக்கே வழி வகுக்கும். விதையிலும் மாத்திரையிலும் இருப்பது ஒரே பொருள் என்பதே எச்சரிக்கைக்குக் காரணம். சித்த ஆயுர்வேத வைத்தியரை நாடுவோர் தாம் உண்ணும் மாத்திரைகளை அவரிடமும், உண்ணும் மூலிகைகளை மருத்துவரிடமும் மறையாது கூறுதல் வேண்டும்.

குடும்பத்தார் செய்யக்கூடியவை பல. மருந்தைக் குறித்த நேரத்திற் கொடுத்தல் அவற்றுள் முதலாவது. மீன், இறைச்சி, பருப்பு ஆகியவற்றின் புரதம் லீவோடோப்பா குடலில் ஏறுவதைத் தடுக்குமாதலின், உணவுக்கு அரைமணி முன்னர்க் கொடுத்தல் பெரும்பாலார்க்கு நலம் பயக்கும். நாட்டம் இழந்தவர் தாமாகத் தொடங்கார். தொடக்கி வைத்தால் செய்வார். “ஏன் எழும்பவில்லை?” என்று கேட்டலினும், “வாங்கோ அப்பு, பாத்தி பார்த்து வருவோம்” என்று கைபிடித்து அழைத்தல் பயன் தரும். நாள்தோறும் ஒரே நேரத்தில் நடத்தலும், தாளத்துக்கு ஏற்ப அடியெடுத்து வைத்தலும் உதவும். தேவாரம் பாடிப் பழகியவரைப் பாடச் செய்தல் தாழ்ந்த குரலுக்கும் பயிற்சியாகும்.

அன்பான சொல்லுக்கும் மூளையில் இடமுண்டு. 2001இல் கனடாவின் வன்கூவர் நகரில் பாக்கின்சன் நோயாளர் சிலர்க்கு மருந்தென்று கருதும்படி வெற்று நீர்மம் ஏற்றப்பட்டது. மருந்து ஏறுகிறது என்ற எதிர்பார்ப்பினாலேயே அவர்கள் வரியுடலில் டோபமின் சுரந்தமை கருவிகளால் அளக்கப்பட்டது. நம்பிக்கையும் வெகுமதி மையத்தை எழுப்பவல்லது. அது மருந்துக்கு மாற்றாகாது, மருந்துக்குத் துணையாகும். பழிச்சொல்லோ அத்துணையையும் பறித்துவிடும்.

காடு வெட்டிக் கழனியாக்கிய கைகளுக்கு ஊக்கம் இருந்தது என்பதற்கு விசுவமடுவின் தோட்டங்களே சான்று. அக்கைகள் ஓய்ந்து திண்ணையில் இருக்கும்பொழுது, ஊக்கத்தை அவர் கைவிட்டார் என்று எண்ணாது, ஊக்கம் உறையும் மூளைப்பகுதி அவரைக் கைவிட்டதோ என்று ஆராய்தல் கற்றோர் கடன். மடியை வள்ளுவர் கடிந்தார், நோயைக் கடிந்தாரில்லை. மடி எது, நோய் எது என்று பிரித்தறியும் அறிவினை இன்றைய விஞ்ஞானம் தந்துள்ளது. அவ்வறிவு ஏடுகளில் மட்டும் கிடவாது, ஒவ்வொரு வீட்டுத் திண்ணைக்கும் சென்று சேர்தல் வேண்டும்.